நான்கு கால்களையும் பூட்டவும்

எங்கள் வீடு இரண்டே அறை. ஒருவர் திரும்பினால் இன்னொருவர் நகர வேண்டும். அண்ணி வந்த மூன்றாம் மாதம் சாப்பாட்டு மேசை கீல் வைத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. இஸ்திரிப் பலகை கதவுக்குப் பின்னால் ஒளிந்தது. என் கட்டில் பகலில் நிமிர்ந்து நின்று அலமாரியாகப் பாசாங்கு செய்தது. "வீட்ட மடக்குனா, கூடவே என்னையும் மடக்கிட்டா" என்று வருகிறவர்களிடம் எல்லாம் அண்ணன் சொல்லிச் சிரிப்பார். அது எப்படியோ அண்ணி வேலை பார்க்கும் இரும்புப் பட்டறைக்கும் போய், அங்கே அண்ணியின் பெயரே 'மடக்கு' ஆகிவிட்டது.

பட்டறையில் அண்ணிக்கு டெலிவரி சீட்டு எழுதும் வேலை. எட்டு வருடமாக அதே ஜன்னல், அதே முக்காலி. சீட்டின் முன்பக்கம் முதலாளிக்கு, பின்பக்கம் அண்ணிக்கு. பின்பக்கத்தில் எதையாவது மடக்கி விரித்து வரைந்துகொண்டிருப்பார்.

ஒருநாள் ஒரு காவல் நிறுவனத்தின் சூப்பர்வைசர் வந்தார். கட்டிட மனை, திறந்தவெளிக் கிடங்கு, வண்டி நிறுத்துமிடம் என்று வாரம் ஓர் இடத்தில் அவர்களுக்குக் காவல். வேன் பின்னால் கட்டி இழுத்துப் போகிற மாதிரி ஒரு காவல் கோபுரம் வேண்டும். இரண்டு காவலர்கள் யார் உதவியும் இல்லாமல் பத்தே நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும் என்றார்.

முதலாளி தலையைச் சொறிந்தார். அண்ணி ஒரு சீட்டைத் திருப்பி அவர் முன்னால் நகர்த்தினார். அதைப் பார்த்துவிட்டு முதலாளி சொன்னார்: "சரி மடக்கு, நீயே வரஞ்சு முடி. ஓடுச்சுன்னா உள்ள இருக்கிற வரையுற மேசை உனக்கு. ஓடலன்னா சீட்டுதான். அப்புறம் படம் கிடம்னு வாயத் திறக்கக் கூடாது."

நான்கு மாதம் ஆனது. இரண்டு சக்கர டிரெய்லர் மேல், ஒன்றுக்குள் ஒன்றாக நுழைந்த மூன்று சதுரக் குழாய்கள். பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஊன்றுகால்களை விரித்து, ரசமட்டம் பார்த்து, கைப்பிடியைச் சுற்றினால் குழாய்கள் ஒவ்வொன்றாக எழும்பும். உச்சியில் ஒருவர் நிற்கும் கூண்டு. பட்டறையின் வெல்டர், எங்கள் எல்லோருக்கும் 'வெல்டர் அண்ணன்', முதலில் ஏறிப் பார்த்துவிட்டு, "இங்கேருந்து பாத்தா என் வீட்டுக்காரி மொட்ட மாடில துணி காயப்போடுறது தெரியுது, நான் இறங்கிடுறேன்" என்றார்.

செய்முறைத் தாளைத் தட்டச்சு செய்தது, அதே பட்டறையில் தட்டச்சு வேலை பார்க்கும் நான். அண்ணி எழுதித் தந்திருந்தது: 'கால் விரிச்சதும் துளைக்கு நேரா வச்சு, சங்கிலியில தொங்குற கம்பியச் சொருகி, நாலு காலையும் பூட்டு.' நீளமாக இருந்தது. பட்டறையில் கம்பி செருகுவதையே எல்லோரும் 'பூட்டு' என்றுதான் சொல்வார்கள். அதனால் நான் அதை மூன்று சொல்லாகச் சுருக்கினேன்: 'நான்கு கால்களையும் பூட்டவும்.' அண்ணியும் படித்துவிட்டு, "நறுக்குன்னு இருக்கு" என்றார்.

சோதனை நாளன்று சூப்பர்வைசர் இரண்டு காவலர்களைக் கூட்டிவந்தார். ஒருவர் பெரிய மீசைக்காரர். இன்னொருவர் ஒல்லியான பெண். பட்டறை ஆட்கள் பேசக் கூடாது என்பது நிபந்தனை. கால்கள் விரிந்தன. மீசைக்காரர் தாளைப் படித்தார். டிரெய்லருக்கு அடியில் குனிந்து பார்த்தார். கருவிப் பெட்டியைக் கவிழ்த்தார். பிறகு விறுவிறுவென்று வாசலுக்குப் போய், தன் சைக்கிள் பூட்டைக் கழற்றிவந்து முதல் காலின் துளையில் மாட்டிச் சாவியைத் திருப்பினார். மற்ற மூன்றுக்குப் பூட்டு தேடி அந்தப் பெண் கேட்டுக்கும் கிடங்குக்கும் ஓடினார். செருக வேண்டிய கம்பிகள் சங்கிலியில் சும்மா ஆடிக்கொண்டிருந்தன. வெல்டர் அண்ணன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

பத்து நிமிடம் முடிந்தபோது கோபுரம் ஓர் அங்குலம்கூட எழவில்லை.

"பூட்டே குடுக்காம பூட்டச் சொன்னா எப்படிம்மா?" என்றார் மீசைக்காரர்.

"பூட்டுன்னா அந்தக் கம்பியச் சொருகுறதுங்க!" என்று வெல்டர் அண்ணன் வெடித்தார்.

"சொருகுறதுன்னா சொருகுன்னு எழுத வேண்டியதுதானே? முப்பது வருஷமா பூட்டுறேன். சாவி இல்லாத பூட்ட இன்னைக்குத்தான் பாக்குறேன்."

நான் அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டேன். முதலாளி ஜன்னலோர முக்காலியைப் பார்த்தார். சூப்பர்வைசர் கோப்பை மூடப்போனார்.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் அண்ணி. "இப்ப தோத்தது கோபுரமா, தாளா?"

சூப்பர்வைசர் யோசித்தார். "தாள்தான்."

"அப்போ தாள் இல்லாம ஒருவாட்டி."

"ஆனா இவங்களுக்குத்தான் விஷயம் தெரிஞ்சுபோச்சே."

"வேற ரெண்டு பேரக் கூப்பிடுங்க. வர்றதுக்குள்ள முடிச்சிடுறேன்."

மாட்டிக்கொண்டது சூப்பர்வைசர்தான் என்று எங்களுக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்து சிரித்துவிட்டார். அண்ணி பெயின்ட் டப்பாக்களை இறக்கினார். முதலில் செய்வது எல்லாம் சிவப்பு, அடுத்தது மஞ்சள், கடைசி பச்சை. கம்பிக்கும் அதன் துளைக்கும் ஒரே நிறம். பெரிதாக 1, 2, 3. நான் தாளை நான்காகக் கிழித்துத் தூரிகை துடைக்கக் கொடுத்தேன். "தம்பி எழுத்து எதுக்காவது உதவுது பாருங்க" என்றார் அண்ணி, நிமிராமலே.

புது ஆட்கள் இருவர் வந்தார்கள். எட்டே முக்கால் நிமிடத்தில் கூண்டு மேலே போய் நின்றது.

கைதட்டல் அடங்கியபோது மீசைக்காரர் சிவப்புக் கம்பியை இரண்டே விரலால் உருவிக் காட்டினார். "இதே மாதிரி எவனாச்சும் வந்து உருவிட்டா, மேல நிக்கிறவன் என்ன ஆவான்?"

மேலே நின்ற புது ஆள் இரண்டு கையாலும் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அண்ணி மீசைக்காரரிடமிருந்து கம்பியை வாங்கி, நுனியைத் திருப்பிப் பார்த்தார். "நீங்க சொல்றதுதான் சரிண்ணே. எனக்குத் தோணவே இல்ல." கம்பியை மீண்டும் செருகி, ஆளைக் கீழே இறக்கிவிட்டு, அண்ணி டிரில்லை எடுத்தார். கம்பியின் நுனியில் ஒரு சிறு துளை. அதில் மீசைக்காரர் தன் பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பி, இழுத்துப் பார்த்து, "இப்பப் பூட்டு" என்றார்.

சூப்பர்வைசர் ஆறு கோபுரம் கேட்டார். "துளை எவ்வளவு அகலம், யார்கிட்ட கேக்கணும்?" என்றதற்கு முதலாளி, "எங்க டிசைனர் அம்மாவக் கேளுங்க" என்றார். அப்படி ஒரு பதவி அங்கே இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் வரைமேசையின் மேலிருந்த பழைய டப்பாக்களை நானும் வெல்டர் அண்ணனும் இறக்கினோம். அண்ணி ஈரத் துணியால் பலகையைத் துடைத்தார். உட்கார்ந்தார். இரண்டு முழங்கையையும் ஊன்றி, மேசை ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடியது. "இருக்கட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லி, ஒரு புதுத் தாளை விரித்தார்.