ஜோடி சேர்த்த வால்வுகளும் நாகலூர்க் குரலும்

எங்கள் தொழிலில் பழுதைக் கண்டுபிடிப்பதைவிட, பழுதே இல்லை என்று சொல்வதுதான் கஷ்டம். ரிப்பேர் மேசையில் உட்கார்ந்த உங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

ஜோடிப் பொருத்தம்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பீட்டர் அண்ணன் நடத்தும் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடையில் நான் சேர்ந்தபோது, எலக்ட்ரானிக்ஸ் பட்டம் கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்கு வெள்ளக்கடையில் காபி எஸ்டேட் வேலை. பார்க்கிறவர்களிடமெல்லாம் 'பொண்ணு இன்ஜினியர்' என்று அவர் சொல்லி வைத்திருந்ததால், ஒவ்வொரு திருகையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கழற்றுவேன்.

ஆம்ப்ளிஃபயரின் கடைசிக் கட்டத்தில் இரண்டு டிரான்சிஸ்டர்களோ, பழைய செட்டாக இருந்தால் பல்பு மாதிரி எரியும் இரண்டு கண்ணாடி வால்வுகளோ இருக்கும். ஒலியில் பாதியை ஒன்று தள்ளும், மீதியை இன்னொன்று. இரண்டும் ஒரே அளவில் வேலை செய்தால், கரண்ட்டிலிருந்து வரும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் இங்கேயும் அங்கேயும் சமமாகிக் காணாமல் போகும். ஏறுமாறாக இருந்தால் வெளியே கேட்கும். ஆகவே மீட்டரில் அளந்து ஜோடி பார்த்துப் போட வேண்டும் என்று படித்திருந்தேன். பீட்டர் அண்ணனோ டப்பாவில் கைக்குக் கிடைத்த இரண்டைப் போடுவார். நான் அரை நாளாக ஜோடி தேடுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கும் உங்க அண்ணிக்குமே மேட்ச் ஆவல, குடும்பம் ஓடலையா கண்ணு?"

சிவந்த வால்வு

ஒரு சின்ன சர்ச்சின் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பார்க்க பீட்டர் அண்ணன் என்னைத் தனியாக அனுப்பினார். மைக்கைப் பிடுங்கிய பிறகும் ஸ்பீக்கர் பெட்டிக்குள் யாரோ மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். பெஞ்சுகளெல்லாம் காலி. திறந்த ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. இரண்டு வால்வுகளில் இடது பக்கத்தது மட்டும் தணல்போலச் சிவந்திருந்தது.

ஜோடி சரியில்லை என்று தீர்மானித்து, பொருத்தம் பார்த்த புது ஜோடியை வரவழைத்துப் போட்டேன். அதே இடத்தில் அதே சிவப்பு. வேறு வழி தெரியாமல் இரண்டையும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றாக மாற்றிச் செருகினேன். சிவப்பு வால்வோடு போகவில்லை. இடது பக்கத்திலேயே நின்றது. அந்தப் பக்கத்துக் கெப்பாசிட்டர் ஒன்று கசிந்திருக்கிறது. அதை மாற்றியதும் மூச்சுச் சத்தம் நின்றது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அப்ப பல்பு மேல குத்தமில்லீங்க, அது உக்காந்த எடத்துலதான் என்னமோ இருந்திருக்குதுங்க."

மகன் கொண்டுவந்த ரேடியோ

நாகலூர் எஸ்டேட் வீட்டில் ஸ்டெல்லாக்கா தனியாக இருக்கிறார். லாரி ஓட்டிய கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எஸ்டேட் பங்களாவில் வேண்டாமென்று கொடுத்த பெரிய வால்வு ரேடியோ ஒன்றை அக்கா ஆசையாக வைத்திருந்தார். சாயங்காலம் பனி இறங்கினால் அதற்குள்ளிருந்து தன்னை யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதாக ஸ்டெல்லாக்கா மகனிடம் சொல்லியிருக்கிறார். மகன் ஜான்சனுக்குச் சேலத்தில் வேலை. ரேடியோவை எங்கள் மேசையில் வைத்தவர் முகம் சரியில்லை. ரேடியோவில் கோளாறு என்றால் நிம்மதி. இல்லையென்றால் அம்மாவைக் கீழே கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டிவிட்டு, அந்த வீட்டைப் பூட்டிவிடப்போவதாகச் சொன்னார். அந்த வீட்டைவிட்டு வர ஸ்டெல்லாக்காவுக்குத் துளியும் இஷ்டமில்லையாம்.

திறந்து பார்த்தால் இரண்டு வால்வுகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த இரைச்சல்தான் பேர் மாதிரி கேட்டிருக்கும் என்று விளக்கி, ஜோடி பார்த்துப் போட்டேன். கடையில் சாயங்காலம்தோறும் ஓடவிட்டேன். பாட்டு வந்தது, செய்தி வந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ரேடியோவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது ஜான்சன் சொன்னார்: "இனியும் கூப்புடுதுன்னு சொன்னா, கோளாறு ரேடியோவுல இல்லீங்க, எங்கம்மாவுக்குத்தானுங்க."

அதுவரை ஸ்டெல்லாக்காவுக்கு இருந்த ஒரே சாக்கை நான் கழற்றி எடுத்துவிட்டது அப்போதுதான் உறைத்தது.

போன் வந்தது

அடுத்த வாரம் ஸ்டெல்லாக்கா கடைக்குப் போன் செய்தார். சத்தம் தாழ்த்தித்தான் பேசினார். மகனிடம் சொல்லிவிடாதே என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். நின்றுவிட்டதா அக்கா என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு சொன்னார்: "முன்ன அந்த இரைச்சலுக்குள்ள எங்கியோ தூரத்துல கூப்புட்டுது. நீ சரி பண்ணுனதுல இருந்து பக்கத்துல நின்னு கூப்புடுது கண்ணு."

இடம் மாற்றிப் பார்த்தது

எனக்குத் தெரிந்தது ஒரே வழி, சர்ச் வால்வு மாதிரி இடம் மாற்றிப் பார்ப்பது. கடையின் சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்துக்கொண்டு நாகலூர் பஸ் ஏறினேன். பேட்டரி செட் அது. வீட்டு வயரிங்கோடு தொடர்பே இருக்காது. பீட்டர் அண்ணன் போக வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் போன நேரம் ஜான்சனும் வந்திருந்தார். அக்காவுக்கு இன்னும் குரல் கேட்கிறதாம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஸ்டெல்லாக்காவின் துணிப்பை கட்டி வாசலில் இருந்தது. ஒரு சாயங்காலம் மட்டும் பொறுங்கள் என்று கெஞ்சி, பெரிய ரேடியோவை அடுப்படிக்கு மாற்றிவிட்டு, அது இருந்த மேசையில் எங்கள் செட்டை வைத்தேன்.

பனி இறங்கி எதிரே இருந்த சில்வர் ஓக் மரங்கள் மறைந்தன. செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வாசிக்கிறவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் ஓர் ஆண் குரல் கூப்பிட்டது. அவசரமே இல்லாமல், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூப்பிடுவதுபோல. நான் வெளியே ஓடிப் பார்த்தேன், ஆளில்லை. பக்கத்து எஸ்டேட் வயர்லெஸ்ஸோ, ஏதாவது ரிசார்ட்டின் மைக்கோ வந்து விழுந்திருக்கலாம். இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

உள்ளே வந்து ஜான்சனிடம், அம்மாவிடம் கோளாறு ஒன்றுமில்லை, எனக்கும் கேட்டது என்றேன். ஆனால் கூப்பிட்டது அம்மா பேரைத்தானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டேன். அவர் வாசலிலிருந்த பையைத் தூக்கி உள்ளே வைத்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "இன்னைக்குக் கூப்புட்டது அம்மா பேரு இல்லீங்க. என்னைய எங்கப்பா மட்டும் கூப்புடற பேருங்க அது."

ஸ்டெல்லாக்கா இன்னும் நாகலூரில்தான் இருக்கிறார், மகனும் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்துவிடுகிறார். ஜோடி பார்த்துப் போடுவது அவசியமா என்று கேட்பவர்களிடம் நான் இப்போதெல்லாம், இரைச்சல் போய்த் தெளிவாகக் கேட்கும், அது உங்களுக்கு வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.