விழுந்தவனின் வாயைக் கழுவுவது

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருந்தாலும் தி. நகரில் நீங்கள் அண்ணாந்து பார்க்கிற கட்டடங்களில் பாதிக்கு வெளிச்சுவர் பெயின்ட் என் ஆட்கள் அடித்ததுதான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்பார்கள் சிலர். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெயின்ட் டப்பா தூக்கியவன் கான்ட்ராக்டர் ஆனது லேசில் நடந்த காரியம் இல்லை.

கயிற்றில் தொங்கி வேலை செய்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் விழுந்துவிட்டால், ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவன் வாயைக் கழுவிவிடுவார்கள். சட்டைப் பையைத் துழாவி மாத்திரை அட்டை இருந்தால் தூக்கி எறிந்துவிடுவார்கள். குடித்திருந்தான் என்று ஆஸ்பத்திரியில் தெரிந்தால் இன்சூரன்ஸ் வராது, போலீஸ் வரும் என்ற பயம். கூட்டாளிக்குச் செய்யவேண்டிய மரியாதை மாதிரி, முகம் கோணாமல் செய்வார்கள்.

போன வருடம் தேனாம்பேட்டையில் என் ஆள் ஒருவன் விழுந்தான். தொடை எலும்பு முறிந்தது. தலையில் பெரிய அடி இல்லை என்று ஸ்கேன் எடுத்துச் சொன்னார்கள். காலுக்கு ஆபரேஷன் என்று முடிவானது. அதற்கு முந்தின நாள் நான் பார்க்கப் போனேன்.

அவன் படுக்கையில் வியர்த்துக் கிடந்தான். வலது கை மட்டும் மேலும் கீழுமாக அசைந்தது. இல்லாத டப்பாவில் இல்லாத பிரஷைத் தோய்த்து, இல்லாத சுவரில் இழுத்தது.

"பாரு நைனா, படுத்துக்கினே வேலை செய்யறாரு," என்றாள் அவன் மனைவி. சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. மயிலாப்பூரில் நாலு வீட்டில் வேலை செய்கிறவள். அதையெல்லாம் விட்டுவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த கிழவி, "அப்டியே இந்தச் செவுத்துக்கும் ஒரு கோட்டிங் குடுக்கச் சொல்லும்மா, காரை பேந்து கீது," என்றாள்.

டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. அந்தக் கையையே சிறிது நேரம் பார்த்தார்.

"குடிப்பாரான்னு அன்னைக்கே கேட்டேன். மறுபடியும் கேக்கறேன்."

"அய்ய, அந்த வாசனையே அவருக்கு ஆவாதும்மா."

"அப்ப தலைக்குள்ள ரத்தம் கசியுதான்னு திரும்பப் பாக்கணும். வேற காரணம் இருந்தா இப்பவே சொல்லுங்க. தெரியாம மருந்து குடுத்தா உயிருக்கு ஆபத்து. சும்மா விட்டா வலிப்பு வரும்."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அப்படி அசைகிற கையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் அண்ணனுடையது. மஞ்சள் காமாலையில் படுத்து, குடி திடீரென்று நின்றபோது அவன் கையும் காற்றில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தது. அவன் பிழைக்கவில்லை.

"குடிப்பான்மா," என்றேன். "தெனமும் குடிப்பான். மாத்திரையும் உண்டு. இன்னா மாத்திரைன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் வெளிய நிக்கறான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

வராந்தாவில் நின்றவன் அவனோடு கயிறு பிடிக்கிற கூட்டாளி. என்ன மாத்திரை என்று கேட்டதும் தலை குனிந்துகொண்டான். எங்கே எப்படிப் பேசவேண்டும் என்பது எனக்குத் தெரியும். எந்த முதலாளியும் என் பேச்சைத் தட்டியதில்லை.

"மேல தொங்கும்போது அவன் கயிறு உன் கையிலதானடா இருந்திச்சி," என்றேன். "இப்பவும் உன் கையிலதான் கீது. வுட்றாத."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் சேத்துப் போடுவான், நைனா. நானும்தான். வாயக் கழுவனது நான்தான். அட்டையக் கால்வாயில போட்டதும் நான்தான்."

உள்ளே கூட்டி வந்து மாத்திரைகளின் பெயரைச் சொல்லவைத்தேன். டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. "கடைசியா எப்பக் குடிச்சாரு?" என்று மட்டும் கேட்டார்.

கூட்டாளிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

"வுய்ந்த அன்னிக்குக் காலீல," என்றாள் அவன் மனைவி, அவன் கையைப் பார்த்தபடியே. "குடிக்காம ஏறினா கை நடுங்கும், கயிறு நிக்காதும்பாரு. நான்தான் ஊத்திக் குடுத்தேன்."

ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். மருந்தை மாற்றினார்கள். கொஞ்ச நாளில் காலுக்கும் ஆபரேஷன் ஆனது. அவள் பயந்தபடியே இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்தார்கள். செலவை நான் ஏற்றுக்கொண்டேன். என்னால் முடியும், செய்தேன். இன்றுவரை அவள் என்னோடு பேசுவதில்லை.

என் வேலையிடங்களில் யார் விழுந்தாலும் வாயைக் கழுவக் கூடாது என்று இப்போது கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன். தலையை ஆட்டுகிறார்கள். என் தலை மறைந்த பிறகு என்ன செய்வார்களோ, அது தெரியாது.

அன்றைக்கு மருந்து மாற்றியபின் நான் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவன் மனைவி அவனுடைய அந்தக் கையைத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அது அசையவில்லை. அவன் கண் திறந்து, "எந்தச் செவுரு பாக்கி?" என்றான்.

"ஒண்ணும் பாக்கியில்ல, படு," என்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையை மட்டும் விடவில்லை.