சைக்கிள் அணிக்கு ஒரு கல்வெட்டு

2006 நவம்பர் 12, ஞாயிறு. எழும்பினேன். வாசல் பனியை வழித்தேன். தேத்தண்ணீர் வைத்தேன். கட்டடத்தின் பொதுத் தோய்க்கும் அறையில் எங்கள் முறை என்பதால் உடுப்புத் தோய்த்தேன். மத்தியானம் புட்டும் மீன்குழம்பும். பிறகு சோபாவின் இடது பக்கத்தில் இருந்தேன். வலது பக்கம் வெறுமை.

அது என் நண்பரின் இடம். இங்கே நோர்வேயில், ஹொல்ம்லியாவில் எங்களுக்கு அடுத்த கட்டடத்தில் தனியாக இருக்கிறார்; அவர் மனைவிக்கு வேலை தூரத்தில், துரொண்ட்ஹெய்ம் நகரில். குளிர்கால ஞாயிறுகளில் இருவருமாகப் பழைய சைக்கிள் பந்தய வீடியோக்களைப் பார்ப்போம். போன மாதம் எங்களுக்குப் பிடித்த இத்தாலிய அணியைக் கலைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஆள் வரவில்லை, தொலைபேசியும் எடுப்பதில்லை.

அந்த அணியை எங்கள் இருவருக்கும் பிடித்தது நோர்வே வந்த புதிதில், அகதி முகாமில். எங்களுக்கு இருக்க ஒழுங்கான கதிரை இல்லை; தொலைக்காட்சியில் சிலர் முதுகில், அணிக்குப் பணம் போட்ட சோபாக் கொம்பனியின் விளம்பரத்தோடு மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். மொழி விளங்கவில்லை. சோபா விளங்கியது.

"அவர் செத்தவீடு காக்கிறார்," என்றாள் என் மனைவி. "நீங்கள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடியுங்கோவன்."

பகிடிக்குத்தான் சொன்னாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில், இறந்தவரின் வாழ்க்கையை அச்சடித்துக் கொடுக்கும் புத்தகம்தான் கல்வெட்டு. அதில் கெட்டவர் எவரும் செத்ததில்லை. நான் உடனே எழுதத் தொடங்கினேன்:

"இத்தாலியின் வடபால், சோபா செய்யும் செல்வந்தருக்கு மகவாய் உதித்து, அவர் கைவிட, கோப்பி இயந்திரக்காரரால் தத்தெடுக்கப்பட்டு, ஈற்றில் தரைக்குப் பதிக்கும் ஓடு செய்யும் கொம்பனியாரின் அரவணைப்பில் வாழ்ந்த அன்னார், ஏற்றத்தில் பின்தங்குவதிலும் இறக்கத்தில் விழுவதிலும் தன்னிகரற்று விளங்கினார். முன்னால் போனவர்கள் எல்லோரும் வளைவில் விழுந்த அன்று ஒருமுறை வென்றும் இருக்கிறார்."

கடைசியில் துயருறுவோர் வரிசை: நான், மனைவி, நண்பர்.

கொண்டுபோய் நண்பரின் கதவைத் தட்டினேன். இடுப்பில் சாரமும் மேலே அணியின் சட்டையுமாக வந்து, நின்றபடியே வாசித்தார். சிரிக்கவில்லை.

"நான் மூண்டாவதோ?"

"கல்வெட்டு அடிக்கிற வீட்டுக்காரர் முதல் வாறதுதானே முறை, மச்சான்."

"உன்ரை மனிசிக்கு அந்த ரீமிலை ஒருத்தனையாவது தெரியுமோ? பந்தயம் துவங்க நித்திரை கொள்ளுற ஆள். அவவுக்குப் பிறகோ நான்? கல்வெட்டிலை பேர் கீழ போனதுக்கு என்ரை சித்தப்பா இண்டைக்கும் அப்பாவோடை கதைக்கிறேல்லை, தெரியுமோ?"

"நீயும் ஒரு மாசமா என்னோடை கதைக்கேல்லைத்தானே."

தாளில் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"ஒருமுறை எண்டு எழுதியிருக்கிறாய். ரெண்டு தரம் வெண்டவங்கள். என்னட்டை வீடியோ இருக்கு."

"அப்ப கொண்டு வா."

"முதல் நீ திருத்து. பிறகு வாறன்."

கதவைச் சாத்தினார். தாளைத் திருப்பித் தரவில்லை.

அடுத்தநாள் விடிய, பனி வழிக்க முதல், தேத்தண்ணீர் வைக்க முதல், புதுத்தாள் எடுத்து எழுதினேன். இருமுறை வென்றார். துயருறுவோரில் நண்பர் முதலாவது, நான் இரண்டாவது. மனைவி எழும்ப முதல் அவளைக் கடைசிக்கு இறக்கி முடித்துவிட்டேன்.