லண்டன் டப்பா

காட்கோபரில் ரயில் நின்றபோது தங்கராஜின் மனைவி ஜெயாவின் போன் வந்தது. "அண்ணாச்சி, அவுக எந்திரிக்கல" என்றார். அதன்பின் அழுகைதான். ஓடுகிற ரயிலிலிருந்து குதித்து, டாக்சியை மறித்து, தாராவிக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்தேன் என்று சாவு வீட்டில் பலரிடம் சொன்னேன். அது அப்படியில்லை. அதே ரயிலில் சயான் வரை உட்கார்ந்து வந்து, மெதுவாக நடந்து போனேன். எனக்கு முன்பே வாசலில் கூட்டம் இருந்தது. தங்கராஜைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

எங்கள் மெல்லிசைக் குழுவில் அவர் கிடார், நான் அறிவிப்பாளர். என் குரலுக்காகவே கல்யாணிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். சரி, சிலர் வருவார்கள். தங்கராஜின் காலடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் கிடாரின் குரல் கரகரவென்று மாறும். பழைய ரேடியோ பாகங்களை வைத்து, ஜெயாவின் அலுமினிய டிபன் டப்பாவுக்குள் அவரே செய்தது. "என் சோத்து டப்பா மேடையில பாடுது. நான் செம்பூர் ஆபீசுக்குப் பேப்பர்ல பொட்டலம் கட்டிட்டுப் போறேன்" என்று ஜெயா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

டிபன் டப்பா என்று மைக்கில் எப்படிச் சொல்வது? லண்டனிலிருந்து கப்பலில் வரவழைத்த நவீன கருவி என்று அறிவித்தேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் முன்வரிசையிலிருந்து ஒருவர், "லண்டன்லயும் சோத்து டப்பா உண்டா வே?" என்று கேட்டுவிட்டார். மறுநாளே டப்பாவுக்கு உள்ளும் புறமும் கறுப்பு பெயின்ட் அடிக்க ஏற்பாடு செய்தேன்.

"பெயின்ட் என்னத்துக்கு அண்ணாச்சி? சத்தம் நல்லாத்தான இருக்கு?" என்றார் தங்கராஜ்.

"மேடைக்கு ஒரு தோரணை வேணும்டே. சும்மா கெட."

பெயின்ட் காய்ந்ததும் பாகங்களை உள்ளே பொருத்தி, மாட்டுங்காவில் ஒரு மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். பிள்ளையார் பாட்டின் நடுவில் தங்கராஜ் பெடலை மிதித்தார். உர்ரென்று ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து, படர்தாமரைக்குக் களிம்பு விற்கும் இந்தி ரேடியோ விளம்பரம். மண்டபமே சிரித்தது. நான் மைக்கைப் பிடித்து, "ரேடியோவையும் பிடிக்கும், அதுதான் லண்டன்" என்றேன். இன்னும் சிரித்தார்கள். தங்கராஜ் தலையைத் தூக்கவில்லை.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்தார். பேட்டரியை மாற்றினார், இரைச்சல் போகவில்லை. ஒயரை மாற்றினார், போகவில்லை. கிடாரை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகினார், ஏக்தம் சைலன்ட், துளி இரைச்சல் இல்லை. "அப்ப டப்பாதான்" என்றார்.

"மழை ஈரம் ஏறியிருக்கும்டே" என்றேன்.

"கொஞ்சம் பேசாம இருங்க அண்ணாச்சி. கேக்கணும்."

சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தார். அதன் ஒரு முனையை ஒயர் செருகும் இடத்து நட்டில் வைத்து, மறுமுனையால் பெயின்டைக் கீறி டப்பாவில் அழுத்தினார். இரைச்சல் நின்றது. சாவியை எடுத்தார், மறுபடி களிம்பு.

"பெயின்ட்டுதான் கோளாறு. அர்த்திங் டப்பாவத் தொடவே இல்ல."

"என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். பம்பாய்க்காரர்கள் எர்த்தை அப்படித்தான் சொல்வார்கள் என்பது அன்று எனக்கு ஓடவில்லை.

அவர் சிரித்துவிட்டார். "ரெண்டும் ஒண்ணுதான், விடுங்க." நட்டைக் கழற்றி, ஓட்டையைச் சுற்றி பிளேடால் சுரண்டினார். அலுமினியம் பளிச்சென்று வளையமாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த டப்பா ஒருநாளும் இரையவில்லை.

நான்தான் நிறுத்தவில்லை. அடுத்த மேடையிலும் லண்டன், அதற்கடுத்ததிலும் லண்டன். ஒருநாள் ரயிலில் திரும்பும்போது தங்கராஜ் கேட்டார்: "ஒரு தடவ தாராவின்னு சொல்லிப் பாருங்களேன் அண்ணாச்சி. கைதட்டு கொறஞ்சுதுன்னா, திரும்ப லண்டனுக்கே போயிருவோம்." அடுத்த ப்ரோகிராமில் சொல்கிறேன் என்றேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் சொன்னேன்.

அவர் போன பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு வாசகம் நான்தான் கொடுத்தேன். 'லண்டன் புகழ் கிடார் கலைஞர்' என்று பெரிய எழுத்தில் போட்டேன். ஜெயா அதன்கீழ் வந்து நின்று பார்த்தார்.

"அவுக பாஸ்போர்ட்டே எடுத்ததில்லயே அண்ணாச்சி. இது யாரு செத்ததுன்னு லைன் வீட்டுக்காரங்க கேக்காங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. பக்கத்துக் கடையில் ஸ்டூலும் பிளேடும் வாங்கி ஏறினேன். ஃப்ளெக்ஸில் சுரண்டினால் எழுத்து போகாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். 'லண்டன் புகழ்' இருந்த இடத்தில் பின்னாலிருந்த சுவர் தெரிந்தது.

அந்தத் துண்டு என் மேடைக் கோட்டுப் பையில் இருக்கிறது. அவர் நினைவாக நான் வைத்துக்கொள்ளத் தகுதியானது அதுதான். டப்பா ஜெயாவிடமே இருக்கட்டும். இரங்கல் கூட்டத்தில் பையில் கையை விட்டு அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன்: "கிடார், தாராவி தங்கராஜ். பெடல், அவர் கையால் செய்தது."

கைதட்டு குறைந்ததா என்று தெரியவில்லை. இரங்கல் கூட்டத்தில் யாரும் கைதட்டுவதில்லை.