ஒரு குப்பிக்குப் பத்துப் பேர்

முகக்கவசம் வந்த புதிதில் ஊரே ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறியது. எதிரில் வருவது சொந்த மாமியாரா, மீட்டர் பார்க்க வருகிறவரா என்று தெரியாமல் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார்கள். பென்சில் நர்ஸுக்கு மட்டும் அந்தக் குழப்பம் வரவில்லை. முகமெல்லாம் அவருக்கு எப்போதுமே இரண்டாம்பட்சம். முப்பது வருடமாக அவர் பார்த்து வந்தது தோள்களைத்தான். சட்டைக் கையைச் சுருட்டினால் போதும், "ஓ, நீங்களா! போன தடவை மூணு நாள் கை வலிக்குதுன்னு தெரு முழுக்க என் பேரைக் கெடுத்தீங்களே!" என்று ஆரம்பித்துவிடுவார்.

காதுக்குப் பின்னால் எந்நேரமும் செருகியிருக்கும் விரல் நீளக் கட்டைப் பென்சிலால் வந்த பெயர் அது. தடுப்பூசித் தேதியை அவர் பேனாவால் எழுதமாட்டார். எழுதிப் பட்டவர். பூஸ்டர் ஊசிக்கு ஒன்பது மாதம் பொறுக்க வேண்டும் என்று முதலில் உத்தரவு வந்தது. கொஞ்ச நாளில் ஆறு மாதம் போதும் என்றார்கள். நடுவில் காய்ச்சல் வந்து போனவர்கள் மட்டும் மூன்று மாதம் தள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு தாள் வந்தது. ஒவ்வொரு தாளுக்கும் நோட்டிலிருந்த முந்நூற்றுச் சொச்சம் பேருடைய தேதிகளையும் அழித்து மறுபடி எழுதினார். ரப்பர் பட்டுப் பட்டுச் சில பக்கங்கள் வெங்காயத் தோல் மாதிரி ஆகியிருந்தன. ஒரு பக்கத்தைத் திருப்பினால் அடுத்த பக்கத்து ஆளும் சேர்ந்து தெரிவார்.

தேதியாவது பரவாயில்லை, அழித்துக்கொள்ளலாம். அழிக்க முடியாதது குப்பிக் கணக்கு. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. மூடியைத் திறந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்ட வேண்டும். மருந்து தட்டுப்பாடாக இருந்ததால், எட்டுப் பேராவது வந்து உட்காராமல் குப்பியைத் திறக்கக் கூடாது என்பது மேலதிகாரியின் கண்டிப்பான உத்தரவு. போன வருடம் ஆறு டோஸ் வீணாக்கியதற்கு நர்ஸ் ஒரு மெமோ வாங்கியிருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு ஊர் ஜனங்கள் பத்துப் பத்தாகத்தான் கண்ணில் பட்டார்கள்.

பத்துக்கு ஒரு ஆள் குறைந்த நாளில் வீட்டுக்குப் போன் அடித்துக் கணவரை வரவழைப்பார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் அவர். இரண்டாவது ஊசி, மூன்றாவது ஊசி இரண்டையும் அப்படித்தான் போட்டுக்கொண்டார். மூன்றாவதுக்குப் பாதிக் கன்னத்தில் சவர நுரையோடு ஓடிவந்தார்.

"உன் ஆபீசுக்கு நான் ஸ்டெப்னி டயரா? பஞ்சரான போதெல்லாம் கழட்டி மாட்டிக்கிறே!"

"ஸ்டெப்னி இல்லாம நீங்க வண்டி எடுத்திருக்கீங்களா? கையைக் காட்டுங்க."

ஆனால் இப்போது அந்த டயரும் தீர்ந்துவிட்டது. அவருக்கு அடுத்த ஊசி மாதக்கணக்கில் தள்ளி இருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து நின்றார்.

சுகாதார நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் கடை. மூன்று வருடத்துக்கு முன் அவருக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தது அவர் மனைவி. அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை போட வேண்டும். அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் காப்பாற்றும். எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடும். இரண்டு ஊசி போட்டும் ரத்தத்தில் பெரிய பலன் தெரியவில்லை என்று அவருடைய டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாவதை உடனே போட வேண்டும், அடுத்ததை நான்கே மாதத்தில் போட வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்.

"எப்ப போடுவீங்க அக்கா?" வாசலிலேயே தள்ளி நின்று கேட்டார். மூன்றாவது அலை அடுத்த தெரு வரைக்கும் வந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாங்க தம்பி."

சொல்லிவிட்டாரே தவிர, கையில் ஆள் இல்லை. இருந்தது ஒரே ஒரு குப்பி. அதையும் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் திறக்காமல் இருந்தால் வண்டி வந்து வேறு ஊருக்கு எடுத்துப் போய்விடும். அடுத்த மருந்து வர மூன்று வாரம்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெராக்ஸ் கடைக்காரரும் அவர் மனைவியும் இரண்டு பேர். இன்னும் எட்டுப் பேர் வேண்டும். தேதி கிட்டத்தில் வருகிற எட்டுப் பேரைத் தேடிப் பிடித்தார். அவர்களுக்கு அவசரமில்லை, கூப்பிட்டால் "அடுத்த மாசம் பாத்துக்கலாமே" என்பார்கள். அதற்கும் அவரிடம் ஒரு கைமருந்து இருந்தது.

"டீச்சர், ஒன்பது பேர் ரெடி. பத்தாவது ஆள் நீங்கதான். நீங்க வந்தாத்தான் குப்பியைத் திறப்பேன்."

கணக்கு டீச்சர் உடனே ஒத்துக்கொண்டார். தன்னால் ஒன்பது பேர் காரியம் கெட்டுப்போவதா? அதே வாக்கியம் ரொட்டிக் கடைக்காரரிடமும் பலித்தது, எலெக்ட்ரீஷியனிடமும் பலித்தது. எட்டு போன், எட்டுப் பேருமே பத்தாவது ஆள். நோட்டை மூடிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார். தட்டைக் கழுவிக்கொண்டே கணவர் கேட்டார்:

"எல்லாரையும் பத்தாவது ஆளாக்கிட்டியே, முதல் ஆள் யாரு?"

"உங்க வேலையைப் பாருங்க."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஜெராக்ஸ் கடைக்காரரும் மனைவியும் வந்தார்கள். கூட்டம் வரும் என்று அவர்களைப் பின்கட்டில், ஜன்னல் திறந்திருந்த பஞ்சு மூட்டை அறையில் உட்கார வைத்தார் நர்ஸ். முன்னறையில் எட்டு நாற்காலிகளை இடைவெளி விட்டுப் போட்டார். பதினொன்று ஆயிற்று. நாற்காலிகள் அப்படியே இருந்தன.

"கூட்டம் தாங்கலையே அக்கா," என்றார் கடைக்காரரின் மனைவி உள்ளிருந்து.

"வருவாங்கம்மா. வராம எங்க போயிடுவாங்க?"

பதினொன்றரைக்கு டீச்சருக்குப் போன் போட்டார்.

"கடைசி ஆள்தானே நான்? அந்த ஒன்பது பேரும் போட்டு முடிச்சதும் ஒரு குரல் கொடுங்க. கூட்டத்துல எதுக்கு நிக்கணும்னு வீட்லயே இருக்கேன்."

ரொட்டிக் கடைக்காரர் இன்னும் தெளிவாக இருந்தார். "பத்தாவது ஆளுக்கு என்னக்கா அவசரம்? நான் இல்லாமத் திறக்க மாட்டேன்னு நீங்களே சொன்னீங்க. அடுப்புல ரெண்டு தட்டு கிடக்கு, இறக்கிட்டு வரேன்."

மூன்றாவது போனைப் போட நர்ஸுக்குக் கை வரவில்லை. எட்டுப் பேரும் எட்டு இடத்தில் கடைசி ஆளாக உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள். முப்பது வருட வேலையில் இப்படி ஒரு வரிசையை யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். முதல் ஆளே இல்லாத வரிசை.

பன்னிரண்டே காலுக்கே வண்டி வந்துவிட்டது. டிரைவர் இறங்கி, காலி நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தார்.

"யாரும் இல்லையே மேடம். பெட்டியைக் கொடுங்க, நேரத்தோட கிளம்பறேன்."

"ஒரு மணின்னுதானே சொன்னாங்க?"

"ஆளே இல்லாத இடத்துல ஒரு மணியென்ன, ரெண்டு மணியென்ன?"

ஐஸ் பெட்டியின் வாரைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் ஒரு நிமிடம் நின்றார். பின்கட்டிலிருந்து கடைக்காரர் எழுந்து வந்திருந்தார். பேச்சு காதில் விழுந்திருக்கும்.

"பரவாயில்லக்கா. மூணு வாரம்தானே. கடையை மூடிட்டு வீட்டுக்குள்ளயே இருந்துக்கறேன்."

அவர் மனைவி தன் இடுப்பை ஒட்டிக் கையை வைத்தபடி நின்றிருந்தார். அந்தப் பக்கத்தில்தான் இப்போது அவருக்கு ஒன்றும் இல்லை.

மெமோ வந்தால் ஃபைலில் கோத்து வைத்துக்கொள்ளலாம் என்று நர்ஸுக்குத் தோன்றியது. ஏற்கெனவே ஒன்று தனியாகத்தான் கிடக்கிறது. பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்து, கட்டைவிரலால் மூடியைத் தட்டினார். 'டப்'பென்று தெறித்து விழுந்தது.

"மேடம்!" என்றார் டிரைவர்.

"மணி பன்னிரண்டு இருபது. நீங்கதான் சாட்சி. தம்பி, கையைக் காட்டுங்க."

கடைக்காரருக்கும் மனைவிக்கும் போட்டு முடித்து, அரை மணி நேரம் உட்காரச் சொல்வதற்குள், டிரைவர் மூலம் சேதி போய் மேலதிகாரியின் போன் வந்துவிட்டது.

"எத்தனை பேரை வெச்சுக்கிட்டுத் திறந்தீங்க சிஸ்டர்?"

"ரெண்டு பேர் சார்."

"ஒருத்தருக்காக எட்டு டோஸைக் கொட்டினா, நாளைக்கு அந்த எட்டுப் பேருக்கு நான் என்ன பதில் சொல்றது? ஆறரைக்கு எனக்கு எண்ணிக்கை வேணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் உறுத்தியது. நர்ஸ் மறுபடி போனை எடுத்தார். இந்தத் தடவை கைமருந்து எதுவும் இல்லை.

"டீச்சர், பொய் சொல்லிட்டேன். ஒன்பது பேர் யாரும் இல்ல. எட்டுப் பேர்கிட்டயும் இதையேதான் சொன்னேன். குப்பியைத் திறந்தாச்சு. நம்ம ஜெராக்ஸ் கடைத் தம்பிக்காகத் திறந்தேன்."

"எட்டுப் பத்தாவது ஆளா!" டீச்சருக்கு மூச்சு முட்டியது. "இதை எந்தக் கணக்குல சேர்க்கறது? இருங்க, செருப்பைப் போட்டுக்கறேன்."

டீச்சர் பத்து நிமிடத்தில் வந்தார். ரொட்டிக் கடைக்காரர் மாவு அப்பிய கையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார்.

"அந்தத் தம்பிக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நேத்தே வந்து படுத்திருப்பேனேக்கா! என்னை என்ன ஆளுன்னு நினைச்சீங்க?"

"பத்தாவது ஆளுன்னு நினைச்சாங்க," என்றார் டீச்சர். நாற்காலிகள் கொல்லென்று சிரித்தன.

நான்கு மணிக்குள் ஆறு பேர் போட்டுக்கொண்டு போனார்கள். எலெக்ட்ரீஷியன் வாசலோடு நின்று, போன மாதம் காய்ச்சல் வந்ததை வெட்கத்தோடு சொல்லிவிட்டுத் திரும்பினார். எட்டாவது ஆள் பஸ் ஏறி வெளியூர் போய்விட்டார். ஒன்பது பேர் இருக்கும்போது தான் எதற்கு என்று நினைத்தாராம். அதுவரைக்கும் கிளம்பாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் பக்கம் நர்ஸ் திரும்பினார்.

"உங்களுக்குப் பூஸ்டர் போட்டாச்சா?"

"ஊர் ஊரா நான்தான் கொண்டுபோய்ச் சேர்க்கறேன். எனக்கு யார் போட்டா?"

இரண்டாவது ஊசி போட்ட தேதியைச் செல்போனில் தேடிக் காட்டினார். ஏழு மாதம் தாண்டியிருந்தது. ஒன்பதாவது தோள் அவருடையது.

மிச்சமிருந்த ஒரு டோஸோடு ஆறு மணி வரைக்கும் வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் தேதி கேட்டார். ஒருவருக்கும் பொருந்தவில்லை. ஆறு இருபதுக்கு உள்ளே வந்து, குப்பியை உயர்த்தி வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்துவிட்டு, கழிவு டப்பாவில் போட்டார்.

"வீணானது ஒண்ணு சார்."

"ஒண்ணுதானா?" மேலதிகாரியின் குரல் இளகியது. "சரி, எழுதிக்குங்க. மெமோ வேணாம். டிரைவர் எல்லாத்தையும் சொன்னான். ஆளைக் கூப்பிட இனிமே வேற வழி பாருங்க சிஸ்டர்."

கடையின் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தவர் எதிர்ச்சாரியிலிருந்தே கையைத் தூக்கிக் காட்டினார். ஊசி போட்ட கை. நர்ஸும் கையை அசைத்துவிட்டு உள்ளே வந்து நோட்டை எடுத்தார். கடைக்காரருக்கு அடுத்தது நான்கு மாதத்தில். இன்று வந்த மற்றவர்களுக்கு ஆறு மாதம். மனைவியைக்கூட அவரோடு சேர்க்க முடியாது. புதிதாக ஒன்பது பேரைப் பிடிக்க வேண்டும். புதுப் பக்கத்தில் அவருக்கான தேதியை எழுதி, கீழே ஒன்பது வரிகளைக் காலியாக விட்டு, போனை எடுத்தார். எதிர்முனையில் தையல்கடைக்காரரின் அக்கா.

"நாலு மாசம் கழிச்சா? அதுக்கு இப்பவே கூப்பிடுறீங்க? எத்தனை பேர் இருக்காங்க இதுவரைக்கும்?"

நர்ஸ் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"ஒருத்தர்தான் இருக்கார். நீங்க வந்தீங்கன்னா ரெண்டு."