நடக்கிற வேகத்துக்கு ஒரு கிரவுன்

எங்கள் தெருவில் முதன்முதலாக நாலு சக்கர வண்டி வாங்கியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. பழைய சின்ன லாரி. ஏம்பலம் பக்கத்துக் கொல்லைகளிலிருந்து கரும்பு ஏற்றத்தான் வாங்கினார். மழைக்காலத்தில் அங்கே சேறு அச்சு வரைக்கும் வந்துவிடும் என்பதால், ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி வண்டியை உயரத் தூக்கி, இருந்ததைவிடப் பெரிய டயர்களை மாட்டினார். பார்க்க யானை எழுந்து நின்றது போல இருந்தது. நான் குனியாமலேயே அதன் அடியில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருவேன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் தவழத்தான் வேண்டும்.

டயர் பெரிதானதும் வண்டியின் பலம் போய்விட்டது. பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடும், அதே இன்ஜின் அதைச் சுற்றத் திணறும். எங்கள் வீட்டில் முதலில் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவன் நான். பிற்பாடு இதைப் படம் போட்டுப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். அப்போது தெரிந்ததெல்லாம், கரும்புச் சுமையோடு ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது எங்கள் வண்டி பாதியில் நின்றுவிடுகிறது என்பதுதான்.

"அண்ணன் செருப்ப மாட்டினு வந்த தம்பி மாதிரி கீது உன் வண்டி" என்றார் கரும்பு வெட்டுகிற ஒருவர். மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

மேட்டை எப்படியோ சமாளித்திருப்பார். அதற்குள் மாசி மகம் நெருங்கிவிட்டது.

மாசி மகத்தன்று எங்கள் தெரு மாரியம்மனும் தீர்த்தவாரிக்கு நல்லவாடு பக்கம் கடலுக்குப் போவாள். வருஷா வருஷம் நிலக்காரர் வீடு ஒன்றில் டிராக்டர் கேட்டு வாங்குவோம். அந்த டிரைவருக்கு அன்றைக்கு வேறு தெருச் சாமிகளும் காத்திருக்கும், எங்கள் அம்மனை இறக்கிவிட்டால் போதும் என்று ஓட்டுவார். பூத்தட்டு தூக்கி வரும் பெண்கள் வண்டியில் ஏறக்கூடாது, அம்மன் பின்னால் வெறுங்காலோடு நடந்துதான் வரவேண்டும் என்பது எங்கள் தெருவின் வழக்கம். டிராக்டர் போகிற போக்கில் நடப்பவர்கள் குறைவு, ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

மாமாவின் மனைவியை நான் அத்தை என்பேன். சிறு வயதுக் காய்ச்சல் ஒன்றில் அவருக்கு ஒரு கால் சூம்பிப்போயிருந்தது. அம்மனுக்கு மாலை கட்டுவது அவர்தான். தட்டைத் தூக்கிக்கொண்டு எல்லோரோடும் கிளம்பவும் கிளம்புவார். வாய்க்கால் மதகுக்கு வருவதற்குள் முன்னால் போகும் கூட்டம் எட்டாமல் போய்விடும். கடைசியாக ஓடுகிற யாரையாவது கூப்பிட்டுத் தட்டைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிவிடுவார். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு மாசி மகத்துக்கும் அவர் கடல் வரைக்கும் போய்ச் சேர்ந்ததில்லை.

அந்த வருஷம் அம்மன் நம் வண்டியில்தான் போக வேண்டும் என்று மாமா தெருக்கூட்டத்தில் சொன்னார். எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் வண்டியை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். முதல் கியரிலேயே வண்டி பெண்களை விட்டுவிட்டு முன்னால் போனது. மாமா கிளட்ச்சைப் பாதி மிதித்துப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மதகு தாண்டுவதற்குள் தீய்ந்த நாற்றம் அடித்தது, வண்டி துள்ளித் துள்ளி நின்றுவிட்டது.

"இன்னாப்பா, அம்மன ரேசுக்கா இட்டுனு போற?" என்றாள் என் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. அத்தை வெகு தூரத்தில் வந்துகொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மாமா வில்லியனூரில் ஒரு மெக்கானிக் பட்டறைக்குப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன். பின் அச்சின் நடுவில் இருக்கும் உருண்டைக்குள் ஒரு பெரிய பல்சக்கரமும், அதைச் சுழற்றுகிற சின்னது ஒன்றும் இருக்கும். பெரியதைக் கிரவுன் என்பார்கள், சின்னதைப் பினியன் என்பார்கள். இந்த ஜோடியை மாற்றினால் வண்டியின் குணமே மாறிவிடும். மெக்கானிக் இரண்டு ஜோடிகளைத் துடைத்துச் சாக்கின் மேல் வைத்தார்.

"இத போட்டுக்க. டயர் மாத்தறதுக்கு முன்னால எப்டி இருந்துச்சோ அப்டி ஆயிடும். மேடும் ஏறும், கடலூர் ரோட்லயும் பறக்கலாம்."

"அது?"

"அது மலை ஏத்தறவனுக்கு. நல்லா இழுக்கும், ஆனா அம்பதுக்கு மேல போனா இன்ஜின் அழுவும். உனுக்கு எதுக்குய்யா?"

"பஸ்ட்ல போட்டு, ஆக்சிலேட்டர்ல கால் வைக்காம வுட்டா எந்த ஸ்பீடுல போவும்?"

"நடக்கற ஸ்பீடு."

"யாரு நடக்கற ஸ்பீடு?"

மாமா கீழே கிடந்த ஆயில் தட்டை எடுத்து இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பட்டறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓர் அடி வைத்து, கொஞ்சம் நின்று, அடுத்த அடி வைத்து நடந்து காட்டினார். பிறகு திரும்பி அதே மாதிரி நடந்து வந்தார்.

"யோவ், பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி இன்னா நடை இது?" என்றார் மெக்கானிக்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. "இதவுட வேகமா போவக்கூடாது" என்றார்.

மலைக்காரனுடைய ஜோடியைத்தான் போட்டுக்கொண்டு வந்தோம். என் பெருமை அத்தோடு போயிற்று. ஏரிக்கரை மேட்டில் வண்டி முனகாமல் ஏறியது உண்மைதான். ஆனால் கடலூர் ரோட்டில், கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் என் வகுப்புப் பையன்கள் பார்த்துக்கொண்டிருக்க, மீன்கூடை கட்டிய மொபெட் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. மறுநாள் வகுப்பில், "உங்க மாமா வண்டி ஊர் போய்ச் சேந்துச்சாடா?" என்று கேட்டார்கள். நல்ல கிரவுனை விட்டுவிட்டு இதை ஏன் போட்டாய் என்று மாமாவிடம் அழாத குறையாகக் கேட்டேன்.

"மெதுவா போனா இன்னாடா, ரோடு எழுந்து ஓடியா பூடும்?" என்றார்.

மாசி மகம் வந்தது. பின்பாடியில் வாழைமரம் கட்டி அம்மனை வைத்தார்கள். மாமா முதல் கியரைப் போட்டு, காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டார். வண்டி தானாக நகர்ந்தது. முன்னால் போன மேளக்காரர்கள் அடிக்கடி நின்று நின்று திரும்பிப் பார்த்தார்கள். "யப்பா, இருட்டறதுக்குள்ள கடலப் பாப்பமா?" என்றார் ஒருவர். வேறு ஊர்ச் சாமிகள் டிராக்டரில் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. நான் மானம் போய் முன் சீட்டில் குறுகி உட்கார்ந்திருந்தேன். மதகு வந்தது, போனது. அத்தை தட்டை யாரிடமும் கொடுக்கவில்லை.

கடைசியாகப் போய்ச் சேர்ந்தது நாங்கள்தான். அம்மனைத் தோளில் தூக்கி மணலில் இறக்கினார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று அத்தை தட்டிலிருந்த பூவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் விட்டார். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து அவர் காலிலேயே போட்டது. அவர் மறுபடி எடுத்து விட்டார்.

திரும்பும்போது தட்டு கிடையாது, யாரும் நடக்க வேண்டியதில்லை. பெண்கள் ஒரு டெம்போவில் ஏறிப் போய்விட்டார்கள். மாமா கதவைத் திறந்து வைத்தார்.

"நீ போய்யா, நான் நடந்தே வரேன்" என்றார் அத்தை.

எனக்கு அது வசதியாகப் போயிற்று, முன் சீட்டு முழுவதும் எனக்குத்தான். ரோடு காலியாகக் கிடந்தது. வண்டியோ வந்த அதே வேகத்தில்தான் போனது. "மாமா, இப்பதான் கூட்டம் இல்லியே. செகண்டு போடேன்" என்று நச்சரித்தேன். மாமா கியரில் கையை வைக்கவே இல்லை. ரோட்டைப் பார்க்கிற நேரத்தைவிடப் பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்கிற நேரம்தான் அதிகமாக இருந்தது. பின்னால் ஏதாவது டிராக்டர் வருகிறதோ என்று நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஈரப் புடவையோடு அத்தை மட்டும் வந்துகொண்டிருந்தார்.