எந்த மஞ்சள் பூ?

இந்த வருடம் மார்ச் மாதத்தில் நான் நாலு பொய் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று வீதம்.

எதைப் பற்றி? புல்லைப் பற்றி.

சிரிக்காமல் கேளுங்கள். ஜெர்மனியில், எசன் நகரில், எங்கள் பக்கத்து வீட்டில் ஹெல்கா இருக்கிறார். எழுபத்தெட்டு வயது, கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் தோமஸ் ஹம்பேர்க்கில். பதினாறு வருடமாக வேலிக்கு மேலால் கதைத்துப் பழகியவர்கள் நாங்கள். பெப்ரவரி கடைசியில் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை, பிறகு நடை பழக்கும் நிலையத்தில் நாலு கிழமை.

டாக்ஸி வந்து நிற்கிறது. ஹெல்கா ஊன்றுகோலை மதிலில் சாய்த்துவிட்டு என் கையைப் பிடித்தார். தானாகக் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர்.

"ஈஸ்டர் முடிந்ததும் தோமஸ் வருவான். வீட்டை விற்றுவிட்டு முதியோர் குடியிருப்புக்குப் போ என்று சொல்லத்தான் வருகிறான். தோட்டம் ஒழுங்காக இருந்தால் அவனால் ஒன்றும் சொல்ல முடியாது. பின்பக்கப் புல்தரையில் பாசியைக் கிளறி எடுத்தாயிற்று, வெறும் மண்தான். மஞ்சள் பூ பூத்ததும் விதையைப் போடு. மண் சூடானதும் மரப்பட்டையைப் போட்டு மூடு. எல்லாம் கொட்டிலில் இருக்கிறது."

அவ்வளவும் ஜெர்மனில், ஒரே மூச்சில். டிரைவர் கதவைத் திறந்து பிடித்தபடி மணிக்கூட்டைப் பார்த்தார். நானும் எல்லாம் விளங்கினவள் மாதிரித் தலையாட்டினேன்.

ஒரு கிழமை போகவில்லை. எட்டிப் பார்த்தால்... மஞ்சள் பூ. நிலத்தோடு ஒட்டி, விரல் உயரத்தில், வரிசையாக ஒரு பத்து. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். தெருவில் ஆட்கள் ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டு போனார்கள்.

"இஞ்சேருங்கோ, பூ வந்திட்டுது. விதையைப் போடுவமே?" என்று கணவரைக் கேட்டேன்.

"இப்பவோ? பனிப் புனிதர் போகாமல் ஒண்டும் போடக்கூடாதெண்டு என்னோட வேலை செய்யிறவன் சொன்னவன்."

மே மாத நடுவில் சில புனிதர்களின் நாட்கள் அடுத்தடுத்து வரும். அவை கடந்தால்தான் உறைபனிப் பயம் இல்லை என்பது இந்த நாட்டுக் கணக்கு. அந்தக் கணக்கு தக்காளிக்கா, புல்லுக்கா? கணவருக்குத் தெரியவில்லை. மே வரை பொறுத்தால் தோமஸ் வந்து பார்த்துவிட்டும் போய்விடுவார்.

தோட்டச் சாமான் கடையில் கேட்டேன். ஏப்ரல் என்றார் ஒருவர். அவருக்குப் பக்கத்தில் நின்றவர், இலையுதிர் காலம்தான் நல்லது என்றார். கைபேசியைத் தட்டினேன் — மார்ச் முதல் ஒக்டோபர் வரை என்றது. இதெல்லாம் ஒரு பதிலா?

போட்டுவிட்டேன். ஹெல்கா சொன்னது மஞ்சள் பூ. பூத்திருப்பது மஞ்சள் பூ. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மூன்றாம் நாள் ஐஸ் மழை. கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனோம். குளிர் கொஞ்சம் விட்டதும் புறாக்கள் வந்தன. பந்தியில் உட்கார்ந்த மாதிரி, அவசரமே இல்லாமல் கொத்தின. அப்போதுதான் ஹெல்காவின் மற்றச் சொல் ஞாபகம் வந்தது. மூடு.

கொட்டிலில் இருந்த மரப்பட்டைத் துண்டு மூன்று மூட்டையையும் அவிழ்த்து, விதைத்த இடம் முழுக்க நாலு விரல் உயரத்துக்குக் கொட்டினேன். புறாக்கள் வரவில்லை. எனக்குப் பெருமை வேறு.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஹெல்கா அங்கிருந்து எனக்குப் போன் எடுப்பார்.

"வருகிறதா?"

"வருகிறது."

"பச்சையாகவா?"

புல் வேறு என்ன நிறத்தில் வரும்? "பச்சையாகத்தான்" என்றேன். முழங்கால் வலியோடு படுத்திருப்பவரிடம் ஒன்றும் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்று விட்டேன். அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில்.

மார்ச் மாதம் முடியப்போகிற நேரம், எங்களுக்குப் பழக்கமான செல்வண்ணை வீட்டுக்கு வந்தார். மகளின் அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் கொடுக்க வந்தவர். நகரசபையின் பூங்காப் பிரிவில் இருபது வருடமாக வேலை. தேநீர்க் கோப்பையோடு வேலிக்கு மேலால் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, உது ஆர் போட்டது?"

"நான்தான் அண்ணை. விதைக்கு மேல மூடச் சொன்னவா."

"உது ரோசாப் பாத்திக்குப் போடுறதெல்லோ. களை முளைக்காமல் இருக்கத்தான் உதால மூடுறது. களையே வராத இடத்தில புல்லு எப்பிடி வரும்?"

"மஞ்சள் பூ பூத்த உடன விதைக்கச் சொன்னவா, அண்ணை. நான் அப்பிடித்தான் செய்தனான்."

"எந்த மஞ்சள் பூ?"

காட்டினேன். வாடி, நிலத்தில் சாய்ந்து கிடந்தன. செல்வண்ணை சிரிக்கவில்லை. கையை நீட்டி, ஹெல்காவின் கடைசி மூலையில் நின்ற ஆளுயரப் புதரைக் காட்டினார். இலையே இல்லாமல், கொப்பெல்லாம் மஞ்சள். இரண்டு மூன்று நாளாகத்தான் பூத்திருந்தது.

"அதைத்தான் சொல்லியிருப்பா. அது பூத்தால் மண்ணில சூடு ஏறத் தொடங்கியிருக்கும். நீங்கள் பாத்தது குளிருக்குள்ளயே பூக்கிற சாமான்."

"இனி ஏலாதோ?"

"ஏலும். ஆனால் முளைக்க மூண்டு கிழமையாவது வேணும்."

ஹெல்கா வீட்டுக்கு வர ஒரு கிழமைதான் இருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை தோமஸ்.

அன்றைக்கே மூன்று பேருமாக இறங்கினோம். பட்டைத் துண்டுகளை வாரி ரோசாப் பாத்திக்கு மாற்றினோம். செல்வண்ணை மண்ணைக் கிளறிக் கொடுக்க, நான் புது விதை தூவினேன். கணவர் ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று நின்று மண்ணை அழுத்தினார். பிறகு காலையும் மாலையும் தண்ணீர். வேலைக்குப் போகும் உடுப்போடு பூவாளியும் கையுமாக நான்.

அந்த ஞாயிறும் போன் வந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் இல்லையா? "வருகிறது" என்றேன். ஏன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஹெல்கா வந்தார். ஊன்றுகோலோடு நேரே குசினி யன்னலுக்குத்தான் போனார். வெளியே வெறும் மண்.

"எங்கே?"

எல்லாவற்றையும் சொன்னேன். பூ, புறா, பட்டை, நாலு ஞாயிறு. அவர் யன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"எந்தப் பூ என்று நான் சொல்லாதது என் பிழை" என்றார். "ஆனால் போனில் சொல்லியிருக்கலாம். நான் அங்கே படுத்துக்கொண்டு அந்தப் புல்லை நினைத்துத்தான் நடந்து பழகினேன்."

வீட்டுக்கு வந்து அழுதேன். ஐந்து நாள் வேலியோரம் பேச்சில்லை. நான் தண்ணீர் ஊற்றப் போவேன், அவர் யன்னல் திரையை இழுத்துவிடுவார்.

சனிக்கிழமை தோமஸ் வந்தார். ஐம்பது வயது மனிதர், தாயைப் போலவே நெட்டை. கொஞ்ச நேரத்தில் ஹெல்கா என்னைக் கோப்பிக்குக் கூப்பிட்டார். தனியாக மகனிடம் மாட்டுப்பட விரும்பவில்லை என்று நினைக்கிறேன்.

தோமஸ் தோட்டப்பக்கமே பார்க்கவில்லை. பின்கதவால் இறங்கும் நாலு படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "குளிர்காலத்தில் அம்மா இதில் எப்படி இறங்கினார்?" என்றார்.

ஹெல்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். ஆனால் நாலு பொய் சொல்லிக் களைத்த வாய்...

"தனியாக இறங்கவில்லை. நான் வந்து கை பிடிப்பேன். ஒருநாள் இருவருமாகச் சறுக்கி விழுந்தோம்."

கோப்பியை யாரும் குடிக்கவில்லை. இவ்வளவு நாளும் சொல்ல வேண்டிய உண்மையைச் சொல்லவில்லை, இன்றைக்குப் பார்த்து சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேனே என்று நினைத்தேன். இனி வீட்டை விற்பதுதான்.

தோமஸ் குனிந்து படியின் அகலத்தைச் சாணால் அளந்தார். "இரண்டு பக்கமும் கைப்பிடி போட வேண்டும்" என்றார் கடைசியில். "குளியலறையிலும். மற்றக் கதையை அடுத்த வருடம் கதைப்போம், அம்மா."

நான் புறப்படும்போது மனசு கேட்காமல், புல்தரைக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எந்தப் புல்தரை?" என்றார் தோமஸ்.

அடுத்த சனிக்கிழமையே துளை போடும் மெஷினோடு வந்து கைப்பிடிகளைப் பூட்டிவிட்டுப் போனார். ஹெல்கா அவற்றைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கி வேலியடிக்கு வந்தார். நான் சறுக்கி விழுந்த கதையைச் சொன்னதற்குத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "உன் புல் முளைக்கிறது" என்றார்.

முளைத்துத்தான் இருந்தது. குழந்தைத் தலைமயிர் மாதிரி, அங்கொன்று இங்கொன்றாக. விதையை மழை அடித்துக்கொண்டு போனதில் ரோசாப் பாத்தி ஓரத்தில்தான் அடர்த்தி அதிகம்.

மனிதர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று நாம் ஒன்றை நினைத்துப் பயப்படுகிறோம். அவர்கள் வேறெதையோ பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஒக்டோபரில் ஹெல்காவுக்கு மற்ற முழங்கால் ஆபரேஷன். தோட்டத்தை மறுபடியும் என்னிடம்தான் விடுகிறார். இந்த முறை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன், எழுதித் தந்திருக்கிறார். இரண்டு பக்கம்.

அவருடைய கையெழுத்து எனக்கு வாசிக்க வரவில்லை.